எழுதத் துணிந்த கைகள்

பத்தாம் தரத்திலே படிக்கும் மாணவன் ஒருவன் சென்ற தவணையில் ஒரு கொப்பியைக் கொண்டுவந்தான். வகுப்பு முடிந்து மற்றவர்கள் போகும்வரை காத்து நின்று, அதை எனது மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமற் போய்விட்டான். கணிதக் கொப்பியின் கடைசிப் பக்கங்களிலே பென்சிலால் எழுதப்பட்ட ஒரு கதை. தெமட்டகொடைத் தொடர்மாடி ஒன்றில், மின்சாரக் கட்டணம் செலுத்த வழியற்ற ஒரு குடும்பத்தின் ஒரு மாலைப்பொழுது. கதையிலே தாய் சொல்கிறாள்: "கரண்ட் பில்லு கட்டலைன்னா வெட்டிப்போட்டுருவாங்க மகன்."

நான் சிவப்புப் பேனையை எடுத்தேன். பல்கலைக்கழகத்திலே தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்று வந்தவனுக்கு அந்தப் பேனை தானாகவே கைக்கு வந்துவிடுகிறது. "மின்கட்டணம் செலுத்தாவிடின் துண்டித்துவிடுவார்கள், மகனே" என்று திருத்தினேன். பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு திருத்தங்கள். கடைசியில், 'நல்ல முயற்சி' என்று இரண்டு சொற்கள். மறுநாள் அவன் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "சேர், அப்ப எங்கம்மா கதையில பேச ஏலாதா?"

அதன்பின் ஒரு மாதம் அவன் எதையும் எழுதிக் கொண்டுவரவில்லை.

எழுத்தாளனின் அச்சத்தைப் பற்றி நாம் பேசும்போது, அதை ஏதோ அவனுடைய நெஞ்சுக்குள்ளே தானாக முளைத்த நோய்போலப் பேசுகிறோம். வெற்றுத்தாளைக் கண்டால் நடுக்கம், தன்னம்பிக்கைக் குறைவு, மனத்தடை என்றெல்லாம் பெயர் சூட்டுகிறோம். எனது மாணவனுக்கு அந்த நோய் இருக்கவில்லை. இரண்டு தொடர்மாடி அறைகளுக்குள் ஆறு பேர் வாழும் வீட்டில், யாரும் காணாமல் ஒன்பது பக்கம் எழுதி முடித்தவன் அவன். அச்சத்தை அவனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். அந்த ஒரு மாதத்திலேதான், ஈழத்துத் தமிழ்ப் புனைகதையாளர்கள் எதற்கு அஞ்சினார்கள், அந்த அச்சத்தோடு எவ்வாறு எழுதினார்கள் என்பதைப் பழைய நூல்களிலே மீண்டும் தேடத் தொடங்கினேன்.

தெமட்டகொடையிலிருந்து நடந்துபோகக்கூடிய தூரத்திலே, மருதானையில், ஸாஹிராக் கல்லூரி இருக்கிறது. 1892 இல் தோன்றிய அந்தக் கல்விக்கூடத்துக்கு வித்திட்டவர்களுள் ஒருவர் கண்டியைச் சேர்ந்த வழக்கறிஞர் சித்திலெவ்வை. 1882 இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியவரும் அவரே. 1885 இல் 'அஸன்பேயுடைய கதை' என்ற நாவலை வெளியிட்டவரும் அவரே. ஈழத்துத் தமிழ் நாவல் வரலாறு அந்த நூலிலிருந்துதான் தொடங்குகிறது. ஆக, எமது முதல் நாவலாசிரியர் கதை எழுதுவதையே தொழிலாகக் கொண்டவரல்லர். வழக்கு, பத்திரிகை, பாடசாலை என்ற மூன்று வேலைகளுக்கு நடுவே எழுதினார். இந்த உண்மையைச் சற்றே நினைவில் வைத்துக்கொள்வோம். ஓய்வும் அமைதியும் தனியறையும் வாய்த்த பின்னரே எழுத்துப் பிறக்கும் என்ற எண்ணம் எங்கிருந்தோ இறக்குமதியானது. எமது வரலாற்றிலே அதற்குச் சான்று குறைவு. 1914 இல் 'நொறுங்குண்ட இருதயம்' நாவலை எழுதிய மங்களநாயகம் தம்பையாவுக்கு, ஒரு பெண் கதை எழுதுவதையே ஐயத்தோடு நோக்கிய சமூகத்தில், அந்தத் தனியறையின் கதவை யார் திறந்து வைத்திருப்பார்கள்?

1930 இல் 'வீரகேசரி'யும் 1932 இல் 'தினகரன்' பத்திரிகையும் கொழும்பிலே தோன்றின. யாழ்ப்பாணத்தில் 'ஈழகேசரி' 1930 முதல் வெளிவந்தது. இலங்கையர்கோன், சி. வைத்தியலிங்கம், சம்பந்தன் முதலியோர் சிறுகதைக்கு இங்கே அடித்தளமிட்டனர். இவர்களுடைய ஆற்றலைக் குறைத்துக் கூறுவதற்கில்லை. எனினும், இவர்கள் ஆங்கிலமோ வடமொழியோ பயின்று, பேனை பிடிப்பதற்குச் சமூகத்தின் அனுமதியை ஏற்கெனவே பெற்றிருந்தவர்கள். 1943 இல் தோன்றிய மறுமலர்ச்சிச் சங்கமும், 1946 முதல் 1948 வரை வெளிவந்த அதன் சஞ்சிகையும் வட்டத்தை ஓரளவு அகலமாக்கின. ஆனால், அனுமதி இல்லாதவன் எழுத வந்தபோதுதான் அச்சம் என்பதன் முழு உருவமும் தெரியவந்தது.

டொமினிக் ஜீவாவை எடுத்துக்கொள்வோம். 1927 இல் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். ஐந்தாம் வகுப்போடு பாடசாலையை விட்டவர். விட்டதற்குக் காரணம் வறுமை மட்டுமன்று. ஆசிரியர் ஒருவர் வகுப்பிலே சாதித் தொழிலைச் சொல்லி இழிவுபடுத்திய வார்த்தையும்தான். இதை அவரே தமது வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் இருந்த ஜோசப் சலூனிலே கத்தரிக்கோல் பிடித்த சிறுவனுக்கு, தமிழில் ஒரு வாக்கியம் எழுதுவதென்பது மொழிப் பயிற்சி சம்பந்தப்பட்ட விடயமாக மட்டும் இருந்திருக்க முடியாது. "இவனெல்லாம் எழுத வந்துவிட்டான்" என்று ஊர் சொல்லும். சொல்லிற்று. அந்தச் சொல்லை முன்கூட்டியே காதில் கேட்டுக்கொண்டு முதல் வரியை எழுதுவதற்கு என்ன துணிவு வேண்டும் என்பதை, பட்டச் சான்றிதழைச் சட்டமிட்டுச் சுவரில் தொங்கவிட்டிருக்கும் என் போன்றவர்கள் ஊகிக்கத்தான் முடியும்.

அந்தத் துணிவு எங்கிருந்து வந்தது? தனிமையிலே தவமிருந்து அவர் அதைப் பெறவில்லை. தலைமறைவு வாழ்வின்போது யாழ்ப்பாணம் வந்திருந்த ப. ஜீவானந்தத்தின் தொடர்பு அவரை ஆட்கொண்டது. பெயரின் பிற்பாதி அங்கிருந்து கிடைத்தது. இடதுசாரி இயக்கத்தின் வாசிப்பும் விவாதமும் அவரைச் சூழ்ந்தன. சலூனோ இயல்பாகவே ஒரு வாசிகசாலை. பத்திரிகை கிடக்கும், காத்திருப்பவர் வாசிப்பார், வாசித்தவர் வாதாடுவார், நாற்காலியில் இருப்பவர் தமது வீட்டுக் கதையைச் சொல்வார். மனிதர்கள் கண்ணாடிக்கு முன்னே அமர்ந்து, கழுத்திலே துணி கட்டியபடி, தம்மை மறந்து பேசுகின்ற இடம் உலகத்தில் வேறு எது? அந்த இடத்தைத் தமது பல்கலைக்கழகம் என்று சொல்லிக்கொள்ள ஜீவா ஒருபோதும் கூசியதில்லை. எந்தத் தொழிலைக் காட்டி அவரை எழுத்திலிருந்து விலக்கினார்களோ, அந்தத் தொழிலையே அவர் எழுத்தின் களமாக்கிக்கொண்டார். 1960 இல் 'தண்ணீரும் கண்ணீரும்' தொகுதியாக வெளிவந்தது. 1961 இல் சிறுகதைக்கான இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசு அதற்குக் கிடைத்தது. அதற்கு முன்னரே தமிழகத்தில் விஜயபாஸ்கரன் நடத்திய 'சரஸ்வதி' சஞ்சிகை அவருடைய படத்தை அட்டையிலே போட்டிருந்தது. கடல் கடந்து கிடைத்த அந்த மதிப்பு, உள்ளூரின் ஏளனத்துக்கு ஒரு பதிலாயிற்று.

இங்கே நான் வற்புறுத்த விரும்புவது பரிசை அன்று. 1966 ஆகஸ்டிலே அதே சலூனிலிருந்து 'மல்லிகை' வெளிவரத் தொடங்கியது. மாதந்தோறும் ஓர் இதழ். தாளுக்குப் பணம் தேட வேண்டும். எழுத்தாளரிடம் படைப்பைக் கேட்டு வாங்க வேண்டும். அச்சுக்கூடத்தில் நிற்க வேண்டும். அச்சுப்பிழை திருத்த வேண்டும். பின்னர் இதழ்களைக் கையிலே சுமந்து தெருத்தெருவாகச் சென்று விற்க வேண்டும். இத்தனையையும் ஒரு மனிதர் செய்தார். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகச் செய்தார். நானூறு இதழ்கள் வரை செய்தார். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தை விட்டுக் கொழும்பு வந்து, கொட்டாஞ்சேனையில் ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து செய்தார். 2021 ஜனவரியிலே கொழும்பில் அவர் காலமானபோது, அவருடைய சிறுகதைகளின் தரம்பற்றி விமர்சகரிடையே அபிப்பிராய பேதம் இருந்தது. எனக்கும் உண்டு, அவருடைய பிற்காலக் கதைகள் சிலவற்றில் பிரசங்கம் மேலோங்கி நிற்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும், மாத முடிவு என்ற ஒன்று தம்மைத் துரத்தும்படி அவர் தமது வாழ்க்கையை அமைத்துக்கொண்டார். அஞ்சுவதற்கு அவருக்கு நேரம் இருக்கவில்லை.

நேரம் இல்லாதவன் அஞ்சுவதில்லை என்பது வேடிக்கையான கூற்றாகத் தோன்றலாம். பிற நாட்டு எழுத்தாளர் வரலாறுகளும் இதையே சொல்கின்றன. அன்ரன் செக்கோவ் 1880 முதல் மாஸ்கோவில் மருத்துவ மாணவனாக இருந்தபடியே, குடும்பத்தைக் காப்பாற்றுவதற்காக நகைச்சுவை வார இதழ்களுக்குக் கதை எழுதினார். நூறு வரிக்கு மேற்படக்கூடாது என்பது பத்திரிகைக்காரரின் கட்டளை. வீட்டிலே சத்தம், பக்கத்து அறையிலே உறவினர், மேசையிலே பாடப்புத்தகம். அந்த அவசரத்திலேதான் சொற்சிக்கனம் அவருக்குக் கைவந்தது. 1886 இல் மூத்த எழுத்தாளர் கிரிகோரோவிச், உமது ஆற்றலை மதித்து அவசரமின்றி எழுதும் என்று கடிதம் எழுதினார். அதற்கு எழுதிய பதிலில், எந்தக் கதைக்கும் ஒரு நாளுக்கு மேல் தாம் செலவிட்டதில்லை என்றும், அக்கடிதம் பாராட்டிய 'வேட்டைக்காரன்' கதையைக் குளிக்கும் கொட்டகையில் இருந்தே எழுதியதாகவும் செக்கோவ் ஒப்புக்கொண்டார். அதன்பின் அவர் நிதானமாகவே எழுதினார். ஆனால், முதல் ஆறாண்டு வாரக்கூலி இல்லாமல் பிந்திய நிதானம் வந்திருக்குமா என்பது யோசிக்கத்தக்கது.

எங்கள் பகுதிக்கு இன்னும் பொருத்தமான உதாரணம் கார்க்கி. தெமட்டகொடையிலே குடியிருப்பவர்களுக்குப் புகையிரதப் பட்டறையின் ஓசை கடிகாரத்தைப் போன்றது; இரவிலே எஞ்சின் தடம்மாறும் ஒலியைக் கொண்டே மணி சொல்லக்கூடிய முதியவர்கள் இங்கே இருக்கிறார்கள். 1892 இல் டிப்லிஸ் நகரத்துப் புகையிரதப் பட்டறைகளிலே வேலை செய்துகொண்டிருந்த அலெக்ஸி பெஷ்கோவ் என்ற இளைஞன் ஊரூராய் அலைந்து கண்டவற்றை நண்பர்களிடம் வாயாற் சொல்லிக்கொண்டிருந்தான். கலூஷ்னி என்ற புரட்சியாளர், சொன்னதைச் சொன்னபடியே எழுது என்று அவனைத் தூண்டினார். அந்த ஆண்டு செப்டெம்பரில் 'காவ்காஸ்' என்ற உள்ளூர்ப் பத்திரிகையில் 'மக்கார் சுத்ரா' வெளிவந்தது. கீழே மாக்சிம் கார்க்கி என்ற புதுப்பெயர். 'உன் வாயில் வருவது எழுத்தாகும்' என்று ஒருவர் சொல்லவேண்டியிருந்தது. பட்டறைத் தொழிலாளி ஒருவன் தானாக அதை நம்பிவிட முடியாது. அவனைச் சுற்றியிருந்த சமூகம் அதற்கு மாறானதையே பிறந்த நாள் முதல் அவனுக்குக் கற்பித்து வந்திருக்கிறது.

எமது நாட்டில் அந்த மாறான போதனை, 1960களின் தொடக்கத்தில் பகிரங்கமாகவே மேடையேறியது. 1954 இல் அமைந்த இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தைச் சார்ந்தவர்கள், உழைப்பவர் பேசுகின்ற மொழியைக் கதைகளிலே அப்படியே கையாண்டார்கள். கடற்கரையின் பேச்சு, தோட்டத்தின் பேச்சு, கிழக்கிலங்கை முஸ்லிம்களின் பேச்சு எல்லாம் அச்சேறின. மரபு பேணிய பண்டிதர்கள் இதை 'இழிசனர் வழக்கு' என்றார்கள். இலக்கண நூல்களிலிருந்து மேற்கோள் வந்தது. பத்திரிகைகளிலே மாதக்கணக்கில் வாதம் நடந்தது. அந்தச் சொல்லை எடுத்து உரசிப் பாருங்கள். மொழியைப் பற்றிய சொல்லாகத்தான் அது பேசப்பட்டது. ஆனால், 'இழிசனர்' என்பது மொழிக்கு உரிய அடைமொழியன்று, மனிதருக்கு உரியது. யார் பேசலாம், யார் பேசக்கூடாது என்ற பழைய ஊர்க்கட்டுப்பாடு இலக்கணத்தின் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றது. முற்போக்கு அணியினர் அந்தச் சொல்லைத் திருப்பிப் பிடித்துக்கொண்டார்கள். ஆம், இழிசனரின் வழக்குத்தான், அதிலேதான் எழுதுவோம் என்றார்கள். அந்த விவாதத்திலே வென்றவர் யார் என்று இன்று கேட்க வேண்டியதில்லை. எந்தச் சஞ்சிகையைப் பிரித்தாலும் விடை தெரியும். இருந்தும், அறுபது ஆண்டுகளுக்குப் பின்னரும் அந்தப் பண்டிதர் எனது கையிலே சிவப்புப் பேனையாக உட்கார்ந்திருந்தார் என்பதை எண்ணும்போது வெட்கமாயிருக்கிறது. அந்த விவாதத்தைப் பரீட்சைக்காகப் படித்து, நல்ல புள்ளியும் பெற்றவன் நான்.

அச்சத்தை வெல்வதற்கு எதிர்வாதம் மட்டும் போதாது. எழுத இடமும் வேண்டும். 1959 இல் க. கைலாசபதி 'தினகரன்' ஆசிரியரானார். அப்போது அவருக்கு இருபத்தாறு வயது. 1961 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். அந்தக் குறுகிய காலத்தில் ஈழத்து எழுத்தாளருக்கு, குறிப்பாகப் புதியவர்களுக்கு, அவர் பக்கங்களைத் திறந்துவிட்டார். தையற்றொழிலாளியாக இருந்து எழுத்துக்கு வந்த சுபைர் இளங்கீரனின் 'நீதியே நீ கேள்' அங்கே தொடராக வந்தது. தொடர்கதை என்பது ஒரு கடுமையான ஆசிரியர். ஞாயிறு வந்துவிடும், அத்தியாயம் வந்தாக வேண்டும். எழுதுபவனுக்கு அது சுமைதான். ஆனால் அவனுக்காக ஒரு பக்கம் காத்திருக்கிறது, ஒரு வாசகன் காத்திருக்கிறான் என்ற உறுதியும் அதிலேயே உண்டு. தமிழகத்திலே 'மணிக்கொடி' 1935 இல் சிறுகதைக்கென்றே மாறியபோது புதுமைப்பித்தனுக்கும் அவருடைய தோழர்களுக்கும் இத்தகைய உறுதிதான் கிடைத்தது. இடம் இருந்தபோது கதை பிறந்தது. இடம் மூடியபோது பலர் மௌனமானார்கள். மௌனமானவர்களைப் பற்றி, 'சரக்குத் தீர்ந்துவிட்டது' என்று எழுதுவது எமது விமர்சகருக்கு எளிதாயிருக்கிறது.

இடையிலே ஆங்கில நாவலாசிரியர் அந்தனி டிரோலப்பின் கதையையும் சொல்லிவிடலாம். தபால் திணைக்கள உத்தியோகத்தரான அவர், விடியற்காலை ஐந்தரை மணிக்கு மேசைக்கு வருவார். கடிகாரத்தை முன்னே வைத்துக் கால்மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்ற கணக்கில் எழுதுவார். பின்னர் வேலைக்குப் போவார். 1883 இல், அவர் இறந்தபின் வெளியான சுயசரிதையிலே இதைப் படித்த ஆங்கிலக் கனவான்கள் முகம் சுளித்தார்கள். கலைஞன் செருப்புத் தைப்பவனைப்போல வேலை செய்வதா என்பது அவர்களுடைய மனக்குறை. செருப்புத் தைப்பவனும் சிகையலங்கரிப்பவனும் தையற்காரனும் கதை எழுதிய ஒரு நாட்டின் வாசகனுக்கு அந்த முகச்சுளிப்பு விளங்குவதில்லை.

ஆனால், ஒழுங்கு என்பதைப் பக்கக்கணக்கு என்று மயங்கிவிடக்கூடாது. என். எஸ். எம். இராமையாவை நினைத்துப் பாருங்கள். மலையகத்தின் மைந்தர், கொழும்பிலே இரும்புக்கடையொன்றில் கணக்கெழுதிப் பிழைத்தவர். பேரேட்டிலே இரும்பின் நிறையையும் விலையையும் பதிந்த அதே கைதான் கொழுந்து பறிக்கும் பெண்களின் பேச்சையும் பதிந்தது. 1980 இல் 'ஒரு கூடைக் கொழுந்து' தொகுதியாக வந்தபோது அதிலே பன்னிரண்டு கதைகளே இருந்தன. சாகித்தியப் பரிசும் கிடைத்தது. அவர் மிகக் குறைவாக எழுதினார் என்று வருந்துவோர் உண்டு, நானும் வருந்துகிறேன். எனினும், தலைப்புக் கதையிலே மலையின் நிரைகளைப் பற்றியோ, கூடையின் நிறையைப் பற்றியோ வருகின்ற ஒவ்வொரு நுணுக்கமும், எழுதாத நாட்களிலும் அவர் கேட்டுக்கொண்டும் நினைத்துக்கொண்டும் இருந்தார் என்பதற்குச் சாட்சி. அதுவும் ஒரு பழக்கமே. அன்றாடம் மேசைமுன் அமர்ந்து பத்துப் பக்கம் எழுதிக் குவிப்பவனுக்கு அந்தப் பழக்கம் இருக்கவேண்டுமென்பதில்லை.

இனி, எமது அணியைச் சேர்ந்தவர்கள் பேசத் தயங்குகின்ற ஒன்றைப் பேச வேண்டும். பண்டிதரின் அச்சத்திலிருந்து எழுத்தாளனை விடுவித்த நாமே அவனுக்கு வேறோர் அச்சத்தைக் கொடுத்தோம். தோழர்கள் என்ன சொல்வார்கள்? வர்க்கப் பார்வை இருக்கிறதா? முடிவிலே நம்பிக்கை ஒளி தெரிகிறதா? பாத்திரம் தொழிலாளியாக இருந்தால் அவன் குடித்துவிட்டு மனைவியை அடிக்கலாமா? இந்தக் கேள்விகள் ஒவ்வொன்றும் விவாதத்துக்கு உரியவைதாம். அவற்றை எழுப்பியது தவறன்று. கதை எழுதும்போதே அவை எழுத்தாளனின் தோளுக்குப் பின்னால் வந்து நின்றதுதான் தவறு. எஸ். பொன்னுத்துரையின் 'தீ' 1961 இல் வெளியானபோது பாலியலை அவர் கையாண்ட முறைக்குக் கடும் கண்டனம் எழுந்தது. பின்னர் அவர் அணியை விட்டு விலகி 'நற்போக்கு' என்று தனிக்கொடி பிடித்தார். புங்குடுதீவைச் சேர்ந்த மு. தளையசிங்கம் 'ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி'யிலே முற்போக்கு விமர்சனத்தின் குறுகல்களைத் தாக்கினார். அவர்கள் கூறிய அனைத்தும் சரியென்று நான் கருதவில்லை. பொன்னுத்துரையின் கோபத்திலே சொந்தப் பகையும் கலந்திருந்தது. ஆனால், அவர்களுக்குப் பதில் எழுதிய வேகத்தில் ஒரு பங்கை, அவர்கள் சுட்டிய இடத்தைப் பார்ப்பதற்குச் செலவிட்டிருக்கலாம். அப்போது எழுதத் தொடங்கியிருந்த எத்தனை இளைஞர்கள் கதையின் கடைசிப் பந்தியிலே, தேவையின்றி ஒரு செங்கொடியை ஏற்றி முடித்தார்கள் என்பதைப் பழைய இதழ்களைப் புரட்டுவோர் காணலாம். அந்தக் கொடிகளிலே சில நம்பிக்கையால் ஏறியவை; பல அச்சத்தால் ஏறியவை.

1964 ஐ அண்டிச் சர்வதேசப் பொதுவுடைமை இயக்கம் மாஸ்கோ என்றும் பீகிங் என்றும் பிளந்தது. இங்கும் பிளந்தது. ஒரே காலத்தில் எழுத வந்த ஜீவாவும் கே. டானியலும் எதிரெதிர் அணிகளிலே நின்றார்கள். ஆனால், இந்தப் பிளவிலிருந்தும் ஒரு பெரிய காரியம் நடந்தது. அதற்காகவே டானியலைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

1967 இல் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் தோன்றிற்று. தேநீர்க் கடைகளிலும் ஆலய வாசல்களிலும் போராட்டம் நடந்தது. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசல் நாடறிந்த களமாயிற்று. டானியல் அந்த இயக்கத்தின் முன்னணியிலே நின்றவர். சிறுகதை எழுதிப் பெயர்பெற்றிருந்த அந்தப் பட்டறைத் தொழிலாளி, இயக்கத்தில் இறங்கியபின்னர்தான் நாவலாசிரியரானார். 1972 இல் 'பஞ்சமர்' வெளிவந்தது. தொடர்ந்து 'கோவிந்தன்', 'அடிமைகள்', 'கானல்', 'தண்ணீர்' என்று வந்தன. யாழ்ப்பாணத்துக் குடிமை வழக்கங்களை, எந்த வீட்டுக் கிணற்றில் யார் அள்ளலாம், யார் எந்த வாசலோடு நிற்க வேண்டும் என்ற விவரங்களை, அந்த மக்களின் சொற்களிலேயே எழுதினார். ஒரு சமூகத்தின் இரகசியக் கணக்குப் புத்தகத்தைத் தெருவிலே விரித்து வைத்ததற்கு ஒப்பான செயல் அது. அதற்குரிய பகையையும் சம்பாதித்தார். நாவலின் கட்டுக்கோப்பு தளர்கிறது, வரலாறு கதையை விழுங்குகிறது என்ற குறைகளைக் கூறுவோர் முழுக்கப் பிழையாகக் கூறவில்லை. ஆனாலும், அவர் எழுதாமல் விட்டிருந்தால் அந்த விவரங்களை வேறு யார் எழுதியிருப்பார்கள்? பல்கலைக்கழகத்துக்குப் போன நாங்கள் எழுதவில்லை. கடைசி ஆண்டுகளில் நோயுற்ற உடம்போடு, ஒன்றன்பின் ஒன்றாக அவர் நாவல்களை முடித்தார். 1986 மார்ச்சில் தஞ்சாவூரிலே காலமானார். 

டானியல் தனியே ஓர் அறையில் அமர்ந்து, 'இதை எழுதலாமா?' என்று தம்மைத்தாமே கேட்டுக்கொண்டிருந்தால் அந்த நாவல்கள் வந்திருக்கமாட்டா. எழுதுவதைவிட ஆபத்தான காரியங்களை ஏற்கெனவே அவர் தோழரோடு சேர்ந்து செய்திருந்தார். ஆலய வாசலிலே அடிபட நின்றவர்களின் நடுவே நின்றவனுக்கு, ஒரு பக்கத்தில் உண்மைப்பெயரை எழுதுவது பெரிய அச்சமன்று.

எழுத்தாளனால் வெல்ல முடியாத அச்சமும் உண்டு. அதையும் மறைக்கக்கூடாது. 1981 இல், மே மாதம் முடிந்து ஜூன் பிறந்த இரவிலே, யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. 1983 ஜூலையில் கொழும்பிலே தமிழர் வீடுகள் எரிந்தன, தெமட்டகொடையும் தப்பவில்லை. எரிந்த வீடுகளுக்குள்ளே எத்தனை கையெழுத்துப் பிரதிகள் இருந்தன என்று கணக்கெடுத்தவர் இல்லை. அதன்பின் வந்த போர்க்காலத்தில் எழுத்தாளர்கள் கொல்லப்பட்டார்கள், காணாமற் போனார்கள், பலர் நாட்டை விட்டே போனார்கள். துப்பாக்கியின் முன் ஒருவன் மௌனமானால், 'நாள்தோறும் ஒரு பக்கம் எழுதியிருக்கலாமே' என்று அவனுக்கு உபதேசம் செய்வது அநியாயம். அவ்வாறிருந்தும் அந்தக் காலத்திலே தடைகளுக்குள் அகப்பட்ட யாழ்ப்பாணத்தில் பத்திரிகைகள் பாடசாலைக் கொப்பித் தாளிலே அச்சாயின. கோடிட்ட தாளின் மேல் அச்செழுத்து. அத்தகைய தாள் ஒன்றை முதன்முதலிற் கண்டபோது அது பிள்ளைகளின் பயிற்சிக் கொப்பி என்றே நினைத்தேன்.

இன்றைய எழுத்தாளனுக்கு வேறு வசதிகள் உண்டு. அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்பவரின் தயவு வேண்டாம்; கைப்பேசியிலேயே எழுதி அந்தக் கணமே பலருக்கும் காட்டலாம். அச்சம் மட்டும் குறையவில்லை. முன்பு ஒரு பண்டிதர் இருந்தார். இப்போது நூறு பேர் ஒரு மணி நேரத்துக்குள் தீர்ப்பு வழங்குகிறார்கள். ஒரு மாதம் காத்திருந்து இதழைக் கையில் எடுக்கும் பொறுமை இருந்த காலத்தில், எழுதியவனுக்கும் தீர்ப்புக்கும் இடையிலே ஒரு மாதம் இருந்தது. அதற்குள் அவன் அடுத்த கதையைத் தொடங்கியிருப்பான். அந்த இடைவெளியின் மதிப்பை அது போன பின்னர்தான் அறிகிறோம். இதிலே நான் பழமை பாராட்டுவதாகச் சில மாணவ நண்பர்கள் சொல்கிறார்கள், இருக்கலாம்.

அந்தப் பையனிடம் திரும்புகிறேன். ஒரு மாதம் கழித்து, வகுப்பிலே எல்லோருக்கும் முன்பாக, அவனுடைய கதையைத் திருத்தங்கள் இல்லாமல், அவன் எழுதியபடியே வாசித்தேன். தாய் பேசும் வரி வந்தபோது பின்வாங்கிலே யாரோ சிரித்தார்கள். ஏளனச் சிரிப்பன்று, தன் வீட்டுக் குரலைப் பாடசாலையிலே கேட்டவனின் சிரிப்பு. அடுத்த கிழமை வேறு இரண்டு பிள்ளைகள் எழுதிக்கொண்டு வந்தார்கள். இப்போது வெள்ளிக்கிழமைகளில், பாடசாலை விட்டபின் அரைமணி நேரம், ஏழு பேர் இருக்கிறோம். ஒவ்வொருவரும் இரண்டு பக்கம் கொண்டுவர வேண்டும். நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் கொண்டுவர வேண்டும். நானும் கொண்டுபோக வேண்டும் என்பது அவர்கள் விதித்த நிபந்தனை. முதல் வெள்ளிக்கிழமை நான் வெறுங்கையோடு போனேன். மாணவனின் கொப்பியிலே பக்கத்துக்குப் பன்னிரண்டு திருத்தம் செய்தவனுக்கு இரண்டு பக்கம் எழுத முடியவில்லை. முந்திய இரவு மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் கிழித்தெறிந்தேன்.

சென்ற வெள்ளிக்கிழமை ஒன்றரைப் பக்கம் கொண்டுபோனேன். பையன் அதை வாங்கி வாசித்துவிட்டு, பேனை எதையும் எடுக்காமல், "சேர், இதுல வர்ற ஆள் இப்பிடிப் பேசுவாரா?" என்று கேட்டான். பேசமாட்டார்தான். இந்தக் கிழமை அதை மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.